அலுமினியமும் கடலுப்பும்

சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு



பள்ளியில் இலக்கணம் கற்பிப்பவர் மீன்பிடிக்கும் ரீலைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். இப்பொருள் குறித்துப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தபொழுது யாமும் சற்றே தயங்கினோம். எனினும், எம் தந்தையார் வள்ளத்திற் சென்று ஈட்டிய பொருளாலன்றோ யாம் தமிழ் படித்தோம்? அக்கடனில் ஒரு சிறு கூறு இன்று தீருமாயின் தீரட்டும் என்று துணிந்து ஒருப்பட்டோம். மேலும் இப்பொருள் எம் குடும்பத்தில் ஒரு துன்பத்தோடு தொடர்புடையது. அதனை முதற்கண் கூறுவேம்.

எம் அம்மான் தூண்டிற்றொழிலில் கைதேர்ந்தவர். இளமையில் தங்கூசியைக் கட்டையிற் சுற்றி வெறுங்கையால் இழுத்துப் பழகியவர்; ஐம்பது வயதுக்குப்பின், தம் மக்கள் வற்புறுத்தலால், ரீல் ஒன்று வாங்கினார். அதன் விலை 14,000 ரூபாய். அஃது ஒரு மாத வருவாயினும் மிகுதி என்பது இங்குள்ளார் அறிவீர்கள். மூன்றாண்டு நன்றாக உழைத்த அந்த ரீல் ஒருநாள் பாறைமேல் விழுந்து, தங்கூசி சுற்றும் உருளை நெளிந்துபோயிற்று. ஸ்பூல் என்று இளைஞர் கூறும் பகுதி அது. அதற்கு மாற்றுருளை எங்குந் தேடியுங் கிடைத்திலது. கடைசல் பட்டறை ஒன்றில் பழைய இயந்திரமொன்றினின்று கழித்த அலுமினியத் தண்டைக் கடைந்து, அளவு பிசகாது புதிய உருளை செய்து கொடுத்தனர். வெள்ளிபோல் விளங்கிய அதனைக் கண்டு அம்மான் பெரிதும் மகிழ்ந்தார். கரையேறியதும் நாடோறும் அதனைக் கழுவித் துடைத்து வைப்பார். பிள்ளைகளைக்கூடத் தொட விடார்.

எட்டு மாதங் கழித்து, 2019-ஆம் ஆண்டில் ஒரு விடியற்காலையில், பெரிய பாறைமீனொன்று தூண்டிலைக் கவ்வி ஓடிற்று. இழுவையின் வலி மிகவே, உருளையின் விளிம்பு பிளந்தது. பின்னல் நூல் அப்பிளவினுட் புகுந்து சிக்கிக்கொண்டது. நூலை விடுவிக்கக் கைவைத்தார். மீன் மீண்டும் ஓடிற்று. வலக்கையின் இரண்டு விரல்களில் எலும்பு தெரியுமளவு நூல் அறுத்துவிட்டது. பதினைந்து நாள் அவர் கடலுக்குச் செல்லவில்லை. இன்றும் ஒரு விரல் முழுதும் மடங்குவதில்லை.

"மருமகனே, வெளியே பளபளன்னுதானே இருந்துச்சு!" என்று அவர் எம்மிடம் அன்று சொன்னது எம் செவியில் இன்னும் ஒலிக்கிறது. யாம் அவர் முன்னிலையிலேயே அந்நூலை உருளையினின்று முற்றும் அவிழ்த்தோம். வெளிப்புறம் பளபளவென்றிருந்த உருளையின் உட்புறம், நூல் சுற்றியிருந்த இடமெல்லாம், மாவு தூவினாற்போல் வெள்ளை படர்ந்து, நகத்தாற் சுரண்டினால் உதிர்ந்து, அடியில் குண்டூசி குத்தினாற்போன்ற எண்ணிறந்த குழிகளாக இருந்தது. விளிம்பு உடைந்த இடத்தில் குழியொன்று மறுபுறம்வரை சென்றிருந்தது.

இரும்பு கெடுவதைத் துரு என்கிறோம். செம்பும் பித்தளையும் கெடுவதைக் களிம்பு என்கிறோம். அலுமினியம் நம் நாட்டுக்குப் பின்வந்த உலோகமாதலின் அதன் கேட்டுக்கு நம் முன்னோர் பெயரிட்டுவைக்கவில்லை. ஆனால் நம் கடற்கரை மக்கள் தாமே ஒரு சொல்லைக் கண்டுகொண்டனர். "வெள்ளை பூத்துப்போச்சு" என்பர். சுவரில் உப்புப் பூத்தல் என்னும் வழக்கை ஒட்டி எழுந்தது அது. அகராதியில் இல்லாவிடினும் நல்ல தமிழ்; யாம் அதனையே இங்கு ஆள்வேம்.

இனி, அவ்வெள்ளை ஏன் பூத்தது? நாடோறுங் கழுவியும் ஏன் பூத்தது?

அலுமினியம் காற்றைக் கண்டமாத்திரத்தே தன்மேல் ஒரு தோலைப் போர்த்துக்கொள்ளும் இயல்புடையது. காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து உண்டாகும் அத்தோல் கண்ணுக்குப் புலப்படாது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சங் கூறாக்கினால், அவற்றுள் இரண்டு மூன்று கூற்றளவே அதன் கனம். இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளிருக்கும் இரும்பை மேன்மேலுங் காற்றுக்குக் காட்டிக்கொடுக்கும். அலுமினியத்தின் தோலோ உதிராது ஒட்டிக்கொண்டு உள்ளுலோகத்தைக் காக்கும். கீறினால் அக்கணமே புதுத்தோல் வளர்ந்துவிடும். காற்றோடு விரைந்து கலக்கும் ஓர் உலோகம் வீட்டுப் பாத்திரமாக நெடுநாள் உழைப்பது இத்தோலின் உபகாரத்தாலேயே.

இவ்வுலோகம் நம்மவர் அடுக்களைக்கு வந்த கதையை ஈண்டு ஒரு சொல்லிற் கூறலாம். 1886-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹால் என்பாரும் பிரான்சில் எரூல் என்பாரும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தால் அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் ஒரே வழியைக் கண்டனர். பன்னிரண்டாண்டு கழித்து, 1898-இல், சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலப் பொறியறிஞர் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தார். அதன் பின்னரே நம் பாட்டிமார் கையில் இப்பாத்திரம் வந்தது. அவர்கள் ரசாயனங் கற்றவரல்லர். ஆயினும் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை இரவில் வைத்திருத்தல் ஆகாது. வைத்தால் காலையில் சட்டி கறுத்தோ புள்ளி விழுந்தோ இருக்கும். தாய்மார்கள் தலையசைப்பதைக் காண்கின்றோம். ரீலுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதுவே.

மிகுந்த புளிப்பும் மிகுந்த காரமும் அலுமினியத் தோலைக் கரைப்பன. காரமென்றது மிளகாயையன்று, சுண்ணாம்பு, சலவைச்சோடா, சாம்பல் போன்றவற்றை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் தோல் உறுதியாக நிற்கும். கடல்நீர் அவ்விடைநிலையில் உள்ளதே. ஆயின் கேடு எங்கிருந்து வந்தது? ஒரு லிட்டர்க் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அதில் பாதிக்கு மேற்பட்ட பங்கு, 19 கிராமளவு, குளோரைடு என்னும் பகுதியாகும். இக்குளோரைடு தோலில் மெலிந்த இடத்தைத் தேடித் துளைக்கவல்லது. துளைத்தபின் அச்சிறு குழியினுட் காற்றுப் புகாது. தோல் மீண்டும் வளர வழியில்லை. குழிக்குள் கரைந்த அலுமினியம் நீரோடு கூடிப் புளிப்பை உண்டாக்கும். அப்புளிப்பு மேலுங் கரைக்கும். கரையக் கரையப் புளிப்பு மிகும். வெளியே சிறு வெள்ளைப் புள்ளி, உள்ளே ஆழ்ந்த பள்ளம். புழு புகுந்த மாங்காயைப் போன்றது இது.

இன்னுமொன்று உண்டு. அதுவே பலரும் கவனியாதது. ரீலை வீட்டிற்குள் கொண்டுவந்து வைத்துவிட்டால் உலர்ந்துவிட்டது, இனி அச்சமில்லை என்று எண்ணுகின்றோம். உப்பு அவ்வாறு உலர்வதன்று. மழைக்காலத்தில் உப்புச்சாடி கசிவதை அறிவோமன்றோ? சமையலுப்பு காற்றில் ஈரம் நூற்றுக்கு 75 பங்களவு இருக்கும்போது தானே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மக்னீசிய உப்பும் கலந்துள்ளது. அது 33 பங்கு ஈரத்திலேயே கசியும். நம் கரையில் காற்று அத்துணை வறண்டிருக்கும் நாளை யாம் அரிதிற் கண்டுள்ளோம். ஆகவே உப்புப்படிந்த ரீல் பரணில் இருந்தாலும் கடலில் இருப்பதாகவே கொள்ளுதல் வேண்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்தில் சோதனைத் தளம் அமைத்து, உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி அரிப்பை அளந்து வந்தது காரணமின்றியன்று.

அம்மான் நாடோறுங் கழுவினாரன்றோ? கழுவினார், ஆனால் வெளிப்புறத்தைக் கழுவினார். உருளைமேல் முந்நூறு மீட்டர் பின்னல் நூல் இறுகச் சுற்றியிருந்தது. அந்நூல் விளக்குத்திரிபோலக் கடல்நீரைக் குடித்து அடிவரை கொண்டுசென்றது. மேலே ஊற்றிய நல்ல நீர் இரண்டு மூன்று சுற்றுக்குக் கீழே இறங்கவில்லை. எட்டுமாதம் அவ்வுருளை ஈர உப்புத்துணியாற் போர்த்த பாத்திரமாயிருந்தது. வெற்றலுமினியமாதலால் அதற்கு வேறு காப்புமில்லை.

தண்டின் வகையும் ஒரு காரணமாயிற்று. பட்டறைக்காரர்மேல் யாம் குறைகூறோம்; அவர் கேட்டதைச் செய்துகொடுத்தார். அலுமினியம் என்று நாம் ஒரே பெயராற் குறித்தாலும் அதில் இனம் பல. 1906-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் ஆல்பிரட் வில்ம் என்பார் அலுமினியத்திற் சிறிது செம்பு கலந்து மிக வலிய உலோகமொன்றைக் கண்டார். டியூராலுமின் எனப்பட்ட அதனால் ஆகாயவிமானங்கள் செய்யப்பட்டன. வலிமை மிக்க அது கடல்நீர்க்கு மிக எளிதில் தோற்பது; உள்ளே விரவிய செம்பே பகையாய் நின்று அரிப்பை வளர்ப்பது. பழைய இயந்திரங்களினின்று கழித்த தண்டுகளுள் இவ்வினமும் கலந்திருக்கலாம். கண்ணாற் பார்த்துப் பிரித்தறிதல் இயலாது. மக்னீசியமும் சிலிக்கனும் கலந்த 6061 என்னும் எண்ணுடைய இனம் கடைசலுக்கும் ஏற்றது, கடலையும் ஒருவாறு தாங்கும். மக்னீசியம் மட்டும் மிகக் கலந்த 5083 என்பது படகுகட்டவே பயன்படுவது. பட்டறைக்குச் செல்லும் நம் இளைஞர், "எந்தத் துண்டானாலுஞ் சரி" என்னாது, எண்ணைக் கேட்டு, புதுத்தண்டு வாங்கிக் கொடுத்துக் கடையச் சொல்லுதல் வேண்டும். விலையில் வேறுபாடு சிறிதே. விரலின் விலையை யாம் முன்னரே கூறினோம்.

இனி, இரண்டு உலோகங்கள் சேருமிடத்தைப்பற்றிச் சிறிது கூறுவேம். வெளிப்புற எந்திரம் பூட்டிய படகுள்ளார் இதனை எளிதில் உணர்வர். எந்திரத்தின் காலில் சாம்பல் நிறக் கட்டியொன்று பொருத்தியிருப்பதும், அது நாளடைவிற் கரைந்துபோவதும், கரைந்தால் மாற்றுவதும் நீங்கள் அறிந்தனவே. அலுமினியக் கால் கரையாதிருக்கத் தான் கரையும் கட்டி அது. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்தால், அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. அவற்றுள் எளிய உலோகம் கரைகிறது. ரீலில் எவர்சில்வர்த் திருகாணி, பித்தளைப் பற்சக்கரம், எஃகுப் பேரிங்கு, சிலவற்றில் கரிநாராற் செய்த கைப்பிடி எல்லாம் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. இவ்வனைத்திலும் எளியது அலுமினியமே. எனவேதான் திருகாணித் தலையைச் சுற்றி முதலில் வெள்ளை பூக்கிறது. பூத்த வெள்ளை இடம் பெருக்கி மரையை நெருக்க, திருகாணி அசையாது இறுகிவிடுகிறது. வலிந்து திருப்பினால் தலை முறிகிறது.

ரீல் எந்திரத்தின் கால்போலக் கடலில் மூழ்கியே இருப்பதன்று. இங்கும் ஒரு துளி அங்கும் ஒரு துளியாக நனைவது. ஒரு துளியின் மின்னோட்டம் அடுத்த துளிக்குச் செல்லாது. ஆகலின் துத்தநாகத் துண்டொன்றை ரீலிற் கட்டித் தொங்கவிடுவதாற் பயன் இல்லை. சென்ற ஆண்டு இளைஞரொருவர் அவ்வாறு செய்து எமக்குப் பெருமிதத்தோடு காட்டினார். அவர் அறிவை மெச்சினோம். கட்டியை அவிழ்க்கச் சொன்னோம். இரண்டு உலோகங்களுக்கிடையே நீர் புகாமற் செய்வதே ரீலுக்கு ஏற்ற வழி. திருகாணி ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கழற்றி, மரையைத் துடைத்து, கடலுக்கென்று விற்கும் நீர்ப்புகாக் கிரீஸைத் தடவித் திரும்பப் பூட்டவேண்டும். ஆட்டுமயிரிலிருந்து எடுக்கும் லனோலின் என்னும் கொழுப்பும் இதற்கு மிக நன்று. ஒட்டிக்கொள்ளும், நீரில் எளிதில் கழியாது. இடமிருந்தால் திருகாணித் தலைக்கடியில் நைலான் வாசரொன்று இடுக. ஆனால் காரீயக் கிரீஸ் எனக் கடைகளிற் கிடைக்கும் கரிய கிரீஸை, அதாவது கிராபைட் கலந்ததை, அலுமினியத்திற் பூசவே ஆகாது. கிராபைட் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியத்தோடு சேர்ந்து அரிப்பைத் தூண்டும். காப்பென்று நினைத்துப் பூசியது கள்வனுக்குக் கதவு திறந்ததாகும்.

வெற்றலுமினியத்துக்கு நிலைத்த காப்பு யாதெனின், அதன் சொந்தத் தோலையே தடிக்கச் செய்தல். ஆனோடைசிங் எனப்படும் அம்முறை பிறந்த காரணமும் கடலே. முன்கூறிய டியூராலுமினாற் செய்த கடல்விமானங்கள் உப்புநீரால் அரிக்கப்பட்டமையின், அதனைத் தடுக்க 1923-இல் இங்கிலாந்தில் பெங்காப், ஸ்டூவர்ட் என்னும் இருவர் இம்முறையைக் கண்டனர். அமிலத்தில் அலுமினியத்தை அமிழ்த்தி மின்சாரஞ் செலுத்தினால், இயற்கைத் தோலினும் ஆயிரக்கணக்கான மடங்கு தடித்த தோல் வளரும். கடற்புறத்துக்கு 25 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நாற்பதிலொரு பங்கு கனம் வேண்டும் என்பர். பின்னர்க் கொதிநீரில் வைத்து அத்தோலின் நுண்துளைகளை மூடுதல் வேண்டும். அவ்வாறு மூடாத தோல் சல்லடையே. கடைகளில் விற்கும் ரீலின் கருமையும் பொன்னிறமும் செந்நிறமும் பெரும்பாலும் இத்தோலில் ஏற்றிய சாயமாகும்.

சென்னை, கோயம்புத்தூர் போன்ற தொழில் நகரங்களில் இதனைச் செய்து தருவார் உளர். ஒருவர் ஒரு துண்டைக் கொண்டுசென்றால் கூலி மிகும். நம்மவர் பத்துப்பேர் சேர்ந்து தம் பகுதிகளை ஒருங்கே அனுப்பினால் தாங்கக்கூடியதாகும். இக்காரியத்தைச் சங்கம் மேற்கொள்ளலாம் என்பது எம் விண்ணப்பம். ஒன்று மட்டும் முன்னதாகக் கவனிக்கவேண்டும். தோலில் ஒரு பகுதி உலோகத்தின் உள்ளும் ஒரு பகுதி வெளியிலும் வளர்வதால் அளவு சிறிது பெருக்கும். பேரிங்கு அமரும் குழியும் மரையும் பிடித்துக்கொள்ளாதிருக்கக் கடைசற்காரரிடம் முன்னரே சொல்லிவைத்தல் நலம். செம்பு மிகுந்த இனத்தில் இத்தோல் செவ்வையாக வளராது என்பதையும் நினைவிற் கொள்க. எண்ணைக் கேளுங்கள் என்று யாம் மேலே வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். குரோமியக் கரைசலில் நனைத்துக் காப்பிடும் முறையும் உண்டு. அக்கரைசலில் ஒரு வகை கொடிய நஞ்சாதலின் வீட்டிற் செய்யத்தக்கதன்று.

ஆனோடைசிங் செய்ய இயலாதவர் என் செய்வது? மெழுகு போதும். மோட்டார்க் காருக்குப் பூசும் நல்ல மெழுகை, உப்பறக் கழுவி உலர்த்திய வெற்றலுமினியத்தின்மேல் மெல்லத் தேய்த்து, காய்ந்தபின் துணியால் துடைத்து, மறுமுறையும் பூசுக. இரண்டு வாரத்துக்கொருமுறை புதுப்பிக்க வேண்டிவரும். முதலில் நன்றாக மெருகிட்டுவைத்தால் உப்பு தங்கும் கீறல் குறையும். உருளையின் அடிப்பகுதிக்கு, நூல் சுற்றுவதற்கு முன், மெழுகோடு நில்லாது நல்ல இரட்டைக் கலவை வார்னிஷையும் பூசலாம். அம்மானுக்குப் பின்னர்ச் செய்த உருளைக்கு அவ்வாறே செய்தோம்.

தேங்காயெண்ணெய் பூசலாமா என்று சிலர் கேட்டனர். மரக்கலத்துக்கு மீனெண்ணெய் பூசிப் பழகிய குடியல்லவா! பூசிய அன்று அது நீரைத் தடுக்கும். சின்னாளிற் சிக்குப்பிடித்து மணலையும் உப்பையும் தன்னுள் வாங்கிக்கொள்ளும். டபிள்யூ டி 40 என்னும் தெளிப்பெண்ணெயை எல்லா நோய்க்கும் மருந்தாகக் கருதுவாரும் உளர். நனைந்த இடத்தினின்று நீரை விலக்க அது நன்று. ஆனால் மெல்லிய படலமே நிற்கும், அதுவும் விரைவில் நீங்கும். பேரிங்கில் அடித்தால் அங்குள்ள நல்ல கிரீஸையும் கரைத்துவிடும்.

பூத்துவிட்ட வெள்ளையைப் போக்க இரும்பு நாராற் தேய்ப்பது பெரும்பிழை. இரும்புத் துகள்கள் அலுமினியத்திற் பதிந்து, ஒவ்வொரு துகளும் ஒரு புதுக்குழிக்கு வித்தாகும். சாம்பலும் சலவைச்சோடாவும் துணிசோப்பும் காரமாதலின் ஆகா. வெள்ளை வினிகரில் சரிபாதி நீர் கலந்து பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்து, சில நிமிடத்துக்குள் நல்ல நீரில் அலசிவிடவேண்டும். ஊறவைத்தல் கூடாது. வெள்ளை போயினும் குழி போகாது. குழி ஆழ்ந்துவிட்ட உருளையைக் கழித்துவிடுவதே தகும். இரக்கம் காட்டற்க.

இப்பொழுது கழுவும் நீரைப்பற்றிப் பேசவேண்டும். இதுவே நம் ஊரில் மிக வருத்தமான பகுதி. ரீல் செய்வோர் தரும் குறிப்புத்தாளில், "நன்னீரிற் கழுவுக" என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகின்றனர். எழுதினவர் நம் கரைக்கு வந்தவரல்லர். நம் தெருவிற் கிணற்றுநீரும் குழாய்க்கிணற்று நீரும் உவர். குடிநீரை நம் பெண்மக்கள் குடக்கணக்கில் விலைகொடுத்து வாங்குகின்றனர். குழந்தைக்குக் காய்ச்சவேண்டிய நீரை ரீலுக்கு ஊற்றினால் வீட்டில் எவ்வாறு வரவேற்பர்? எம் இல்லத்திலேயே இது குறித்து ஒருநாள் சச்சரவு நேர்ந்தது. அதில் யாம் வென்றோமென்று கூறுதற்கில்லை.

அச்சச்சரவின் பின்னர் யாம் கண்ட வழி இது. உவர்க்கிணற்று நீராயினும் பெரும்பாலும் கடல்நீரினும் உப்புக் குறைந்தது. ஆகவே பெருங்கழுவலை அந்நீராற் செய்க. தடைத்திருகை இறுக்கி மூடி, உள்ளே நீர் புகாதவாறு, மேலிருந்து மென்மையாக ஊற்றுக. குழாயை நெருக்கிப் பீய்ச்சினால் வெளியிலுள்ள உப்பு உள்ளே ஏறிவிடும். பின்னர் ஒரு சொம்பு குடிநீர், அல்லது மழைநாளிற் பிடித்துவைத்த நீர் போதும். மென்துணியை அதில் நனைத்துப் பிழிந்து, சட்டம், பக்கத்தகடு, கைப்பிடி, கம்பிற் பொருந்தும் கால், திருகாணித் தலை எல்லாவற்றையும் துடைக்கவேண்டும். துணியை மும்முறை அலசித் துடைத்தால் உவர்நீர் விட்ட உப்பும் போய்விடும். கடைசியில் உலர்ந்த துணி. பிறகு தடைத்திருகைத் தளர்த்தி, காற்றோட்டமுள்ள நிழலில், நீர் வடியுமாறு சாய்த்து வைக்கவேண்டும். ஈரத்தோடு துணிப்பையிலிட்டுக் கட்டுதல் அம்மானுடைய உருளைக்கு நேர்ந்ததையே ரீல் முழுமைக்கும் செய்வதாகும். ஐஸ்பெட்டியில் மீனோடு வைத்துவருவார்க்கு யாம் என் சொல்வது!

உப்பு உலருமுன் கழுவவேண்டும். மீனை ஏலத்துக்கு அனுப்பிவிட்டு, தேநீர் அருந்தி, உறங்கி எழுந்து மாலையில் கழுவுவது பாதிப்பயனே தரும். கரையேறியவுடன் உவர்நீர்க் கழுவலையாவது முடித்துவிடுங்கள்.

நூலையும் மறவாதீர்கள். மாதத்துக்கொருமுறை நூலை முற்றும் அவிழ்த்து ஒரு வாளி நீரில் ஊறவிட்டு, உருளையைத் தனியே துடைத்து, வெள்ளைப்புள்ளி உண்டா என்று வெயிலிற் பிடித்துப் பாருங்கள். முந்நூறு மீட்டர் நூலை அவிழ்த்துச் சுற்ற அரைமணி நேரம் ஆகும். பிள்ளைகள் இருவர் இருந்தால் அதனினும் விரைவில் முடியும், அவர்களுக்கு விளையாட்டுமாம்.

அம்மான் இன்றும் தூண்டிலுக்குச் செல்கிறார். மடங்காத விரலோடு கைப்பிடியைச் சுற்ற ஒரு தனிப்பிடி அமைத்துக்கொண்டார். புதிய உருளை 6061 தண்டிற் கடைந்தது, ஐந்தாண்டுக்கு மேலாகிறது. சென்ற மாதம் நூலை அவிழ்த்துப் பார்த்தோம். விளிம்பருகே, வார்னிஷ் உரிந்த ஓரிடத்தில், கடுகளவு வெள்ளை இருந்தது. துடைத்துப் பூசிவிட்டோம்.

உடைந்த பழைய உருளையை அவர் எமக்குக் கொடுத்துவிட்டார். அதனை இம்மேசைமேல் வைத்துள்ளோம். கூட்டம் முடிந்தபின் இளைஞர்கள் வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம். வெளிப்புறம் இன்னும் பளபளப்பாகவே இருக்கிறது. உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தத்தம் ரீலைக் கொண்டுவந்திருப்போர் வெளித்திண்ணையில் அமர்க. திருகாணி கழற்றும் கருவிகளும் ஒரு டப்பி கிரீஸும் கொண்டுவந்துள்ளோம்.